புளி போட்டு மினுக்கிய தோட்டாக் கோதுகள்

குரோருட் நிலையம் தாண்டியதும், ரயிலில் எனக்கு முன்னால் இருந்த பெண் தன் கணவரிடம் சொன்னார்:

"சாமி விளக்கு மினுக்க வைச்ச புளியெல்லாத்தையும் துவக்குத் தோட்டாக் கோதுக்குப் போட்டிட்டியள். விளக்கு கறுத்துப்போய்க் கிடக்குது."

"கோதும் பித்தளைதானே, ராணி."

"கடையிலை தோட்டா விக்கிறாங்கள்தானே?"

"இந்தப் பழைய துவக்குக்கு இல்லை. வேறை துவக்கின்ர வெத்துக் கோதை அச்சிலை அமத்தித்தான் இதின்ர அளவுக்குக் கொண்டு வாறன்."

"நேற்றுச் செய்ததெல்லாம் கழுத்திலை கீறிப்போச்சே."

"அது சூடு காட்டாமல் அமத்தினது. இண்டைக்குக் காட்டினனான்."

"நாளைக்கு வேட்டையிலை உங்கட மூஞ்சை கீறினால்? எல்க் மான் நிண்டு சிரிக்கும்."

"பயப்படாதை. முதல் வெடிக்குத் துவக்கைக் கட்டையிலை கட்டி, விசையிலை கயிறு போட்டு, மரத்துக்குப் பின்னாலை நிண்டுதான் இழுப்பன்."

அந்தப் பெண் யன்னலுக்கு வெளியே சுரங்கத்தின் இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கைபேசிக்குள் குனிந்துகொண்டேன்.

ரொம்சோஸ் வந்தது. எழும்பும்போது அந்தப் பெண் கேட்டார்:

"கயிறு எவ்வளவு நீளம்?"

"ஒரு கார் நீளம் வரும்."

"காணாது. நான் உடுப்புக் காயப்போடுற கயித்தையும் அவிழ்த்துக் கொண்டு போங்கோ."