மதியத்தில் சரிந்த சூடு

எனக்குத் தேநீர் வேண்டாம், பிரசாத் சார். தேயிலைத் தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியனாக இருந்துகொண்டு காப்பி குடிக்கிறானே என்று எல்லாரும் கிண்டல் செய்வார்கள், பழகிவிட்டது. நீங்கள் மேனேஜர், உட்கார்ந்தே கேளுங்கள். நான் நின்றுகொண்டே சொல்லிவிடுகிறேன்.

பெட்டியைக் கழற்றிக் குப்பையில் போடச் சொன்னீர்களாம். மனசு ஆறவில்லை. அதனால்தான் வந்தேன்.

தேயிலையைக் காயவைக்கிற டிரையரின் சூட்டைக் கம்ப்யூட்டரில் பார்க்க ஆசைப்பட்டு, முதலில் நேராக ஒயர் இழுத்தீர்கள். குன்னூர் இடி அந்த ஒயர் வழியே வந்து கம்ப்யூட்டரைப் பொசுக்கிவிட்டுப் போனது. அப்புறம்தான் நான் பெட்டி செய்தேன். டிரையர் பக்கம் ஒரு பாதி, கம்ப்யூட்டர் பக்கம் ஒரு பாதி. இரண்டுக்கும் தனித்தனி கரண்ட். நடுவில் ஒரு பொட்டுக் கம்பிகூடக் கிடையாது. சூட்டின் அளவு சின்ன வெளிச்சமாக மாறித் தாண்டிப் போகும். அங்கே இடியே விழட்டும், இங்கே எறும்பு கடித்த மாதிரிகூட இருக்காது. சூடு அளக்கும் முனையைக் கொதிநீரில் வைத்துச் சரிபார்த்தபோது, மலைமேல் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும் என்பதைக்கூடக் கணக்கில் எடுத்துக்கொண்டேன். அப்படிப்பட்ட பெட்டி சார் அது.

அது வந்த பிறகு, தினமும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் சூடு சரிவது திரையில் தெரிந்தது. டிரையர் ஓட்டுகிற ஒச்சப்பன் தூங்குகிறார் என்று நீங்கள் முடிவு கட்டினீர்கள். அவர் என்னிடம் வந்தார்.

"ஏனுங்க தம்பி, பொட்டியிலதான் கோளாறுன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. வேலை போச்சுன்னா கம்பெனி குடுத்த லைன் ஊட்டையும் காலி பண்ணோணுமுங்க. பேச்சியக் கூட்டிக்கிட்டு இந்த மழையில நான் எங்க போவேன்?"

பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பெட்டியில் கோளாறு இல்லையே சார். இல்லாத கோளாறை எப்படிச் சொல்வது? பொய் எனக்கு ஆகாது. நீங்கள் கேட்டபோது, "பொட்டி சொல்றது சத்தியமுங்க சார்" என்றேன். அவரும் மனைவி பேச்சியும் சாமான்களை ஜீப்பில் ஏற்றியபோது கூடமாட உதவினேன். தார்ப்பாய் கட்டியதுகூட நான்தான்.

இப்போது அவர் இடத்தில் அருள்ராஜ் ஓட்டும்போதும் அதே நேரத்தில் சூடு சரிகிறது. உடனே பெட்டியைச் சந்தேகப்பட்டுவிட்டீர்கள். அதுதான் தாங்கவில்லை.

சாப்பிடப் போகிறவரிடம், "போய்ட்டு வாங்கண்ணா, டிரையரை நான் பாத்துக்கறேன்" என்று சொல்வது என் வழக்கம். அவர் தலை மறைந்ததும் டிரையர் கதவைத் திறப்பேன். ஆடி மழையில் காலுறை எங்கே சார் காயும்? என்னுடையது மட்டுமில்லை, என் மனைவி விஜயா கொடுத்தனுப்பும் பனியன்களும் உண்டு. உள்ளே தேயிலை மேலேயே விரித்துவிட்டால் கொஞ்ச நேரத்தில் மொறுமொறுவென்று ஆகிவிடும். அந்த வாரத் தூளில் புதுசாக ஒரு மணம் இருக்கிறதென்று நீங்களே சப்புக்கொட்டிக் குடித்தீர்கள்.

ஜீப் கிளம்பும்போது ஒச்சப்பன் என் காதருகே, "மெசினை உங்ககிட்ட உட்டுட்டுப் போனத நான் யாருகிட்டயும் சொல்லலீங்க தம்பி. உங்க வேலையாவது நெலைக்கட்டும்" என்றார். தங்கமான மனிதர்.

ஆக, கதவைத் திறந்தது நான்தான். அவரைத் திரும்பக் கூப்பிடுவதும் கூப்பிடாததும் உங்கள் இஷ்டம், அதில் நான் தலையிட மாட்டேன். பெட்டி மேல் மட்டும் கை வைக்காதீர்கள் சார். அது ஒரு பாவமும் அறியாது.