பத்து நாற்பதுக்குக் காலாவதி

தேதிகளை மறக்காத மனுஷன் என்று எனக்கு வீட்டில் நல்ல பெயர். மாமியாரின் கண் பரிசோதனை, மச்சினன் கல்யாண நாள், தண்ணீர்த் தொட்டி கழுவிய தேதி, எல்லாம் விரல் நுனியில். அதனால் மறந்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு மனமில்லை, ஐயா. வாக்குமூலத்தில் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரியின் டேட்டாபேஸ் சர்வரைப் பதினோரு வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். எந்த நோயாளிக்கு எந்த மருந்து, எது ஒத்துக்கொள்ளாது என்பதெல்லாம் அதில்தான். வார்டுக் கணினிகள் கேட்கும், சர்வர் சொல்லும். நடுவில் பூட்டும் கிடையாது, தாழ்ப்பாளும் கிடையாது.

போன வருடம் பாதுகாப்புப் பிரிவுக்கு ஓர் அம்மா வந்தார். எல்லா இணைப்புக்கும் எஸ்எஸ்எல் என்கிற பூட்டு வேண்டும் என்றார். சர்வர் தன் சான்றிதழைக் காட்ட வேண்டும். அது செல்லாது என்றால் வார்டுக் கணினி அதோடு பேச்சை முறித்துக்கொள்ளும். நல்ல யோசனைதான். ஆனால் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சிரித்தபடி சொன்னார்:

"இத்தனை வருஷமா வீட்டைத் திறந்து போட்டுட்டுத் தூங்கியிருக்கீங்களே சார்."

மேலாளரும் சிரித்தார். அன்றிலிருந்து என் பட்டப்பெயர் 'திறந்த வீடு'. காபி மெஷின் பக்கம் போனால்கூட, நாய் ஏதாவது நுழைந்ததா என்று விசாரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

சான்றிதழுக்கு ஆயுள் ஒரு வருடம். புதியதைப் பத்து நாள் முன்பே அவர் தந்துவிட்டார். அதைச் சர்வரில் மாற்றுவது என் வேலை. மூன்று நிமிடம் போதும். வைத்தாயிற்றா என்று வராந்தாவில் கேட்டார். ஆயிற்று என்றேன். வைக்கவில்லை.

செவ்வாய் காலை பத்து நாற்பதுக்குப் பழையது காலாவதி. அந்நேரம் அவர் விமானத்தில் இருப்பார் என்று விடுப்புக் கடிதத்தில் பார்த்திருந்தேன். கொஞ்ச நேரம் திரைகள் வெறிச்சோடட்டும், அவர் பூட்டின் லட்சணம் ஊருக்குத் தெரியட்டும், அவ்வளவுதான் என் நினைப்பு.

பத்து ஐம்பதுக்கு அவசரப் பிரிவுச் செவிலியர் கூப்பிட்டார். பள்ளிப் பேருந்து ஓட்டுநர் ஒருவர் கடும் காய்ச்சலில் நினைவின்றிக் கிடந்தார்.

"சார், இவருக்கு ஏதோ ஒரு மருந்து ஒத்துக்காதுன்னு ஞாபகம். எதுன்னு திரையில வரமாட்டேங்குது. டாக்டர் உடனே ஊசி போடணும்ங்கிறார். கொஞ்சம் பாருங்களேன்."

அது அந்தம்மாவின் பூட்டு, எனக்கு ஒன்றும் தெரியாது என்று பணிவாகச் சொல்லிவிட்டேன். போனை வைத்ததும், ஓர் ஆர்வத்தில், சர்வரிலேயே நேராகச் செவிலியர் சொன்ன ஓட்டுநரின் பெயரைத் தேடினேன். வந்துவிட்டது. பென்சிலின். போன் கையெட்டும் தூரத்தில்தான் இருந்தது. டீ வாங்கிவரப் போனேன்.

பதினொன்றரைக்குச் சான்றிதழை மாற்றினேன். திரைகள் திரும்ப வந்தன. மேலாளர் முதுகில் தட்டிக்கொடுத்தார். டாக்டர் போட்ட ஊசி பென்சிலின்தான்; ஓட்டுநர் அதற்குள் இறந்திருந்தார். பூட்டுக்குப் பொறுப்பு என்று பழி அந்தம்மா தலையில்; விமானத்தைவிட்டு இறங்கியபோது அவர் வேலை போயிருந்தது.

ஓட்டுநர்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவர் முகம்கூடத் தெரியாது. ஆனால் நீங்களே யோசித்துப் பாருங்கள், ஐயா. அந்த ஒரு வார்த்தையை நான் போனில் சொல்லியிருந்தால், ஒன்றும் ஆகவில்லையே என்று அந்தம்மாவை அன்றைக்கே எல்லாரும் மன்னித்திருப்பார்கள்.