கஸ்தூரி வூட்டு மாடி

சாவி எங்கிட்டதாங்க இருக்குது, எங்க போவப்போவுது. தரேன். வெயில்ல வந்திருக்கீங்க, இந்த சேர்ல செத்த உக்காருங்க. தெருக்கோடி கடைக்கு போன் பண்ணி கஸ்தூரி சொல்லுச்சு, வூட்ட வாங்கனவரு வருவாரு, சாவிய குடுத்துடுங்க அண்ணின்னு. மோரு குடிக்கறீங்களா? கொஞ்சம் மெதுவா மட்டும் பேசுங்க. உள்ள எங்க வூட்டுக்காரரு படுத்துகினு இருக்காரு.

அக்கம்பக்கம் எப்டின்னு கேக்கறீங்களா. கேக்க வேண்டியதுதான். உங்களுக்கு நாங்கதான் பக்கத்து வூடு, எங்களப் பத்தி நானே என்னா சொல்றது. எங்களுக்கு அந்தாண்ட இருக்காரே சகாதேவன், அவரு உங்களுக்கு ஒரு வூடு தள்ளி. அந்த மட்டுக்கும் நீங்க தப்பிச்சீங்க.

விடியறதுக்குள்ள மோட்டாரப் போட்டு கொழாத் தண்ணிய இழுத்துக்குவாரு, எங்க கொழாவுல வெறும் காத்துதான் வரும். அவரு பொண்டாட்டி வாசல கூட்டி எங்க கேட்டாண்ட தள்ளிட்டு, நாம பாத்தா, காத்துல வந்துச்சுன்னும். குளிக்கற ரூம்பு பைப்ப எங்க பக்கம் நீட்டி வுட்டிருக்காங்க. சோப்புத் தண்ணி மொத்தமும் என் முருங்க மரத்து வேருலதான் விழுது. போயி கேட்டா, உன் மரத்துக்கு நான் தண்ணி ஊத்தறேன், அதுக்கும் கொறையான்னாரு. சிரிச்சிட்டு உள்ள வந்துட்டேன். வந்து அழுதேன்.

அதெல்லாம் கூட போவட்டுங்க. மலைய மறச்சாரு பாருங்க, அதுதான் மனசு ஆறல. நாங்க இந்த வேங்கிக்கால்ல மனை வாங்கும்போது சுத்தி வேர்க்கடல கொல்ல. எங்க வூட்டுக்காரரு கட்டிலாண்ட இருக்கற ஜன்னல தொறந்தா மொத்த மலையும் தெரியும். அதுக்கோசரமே இந்த மனைய புடிச்சாரு. கலெக்டர் ஆபீசு இந்தப்பக்கம் வந்தப்பறம் ஒவ்வொண்ணா கட்டடம் ஏறிப்போச்சு. கடைசில சகாதேவன் மாடி எடுத்தாரு. ஒரு அடி தள்ளிக் கட்டுங்க, ஜன்னலுக்கு கொஞ்சூண்டு மலை வுடுங்கன்னு இவரு போயி கேட்டாரு. மலைய என்னா நீ பட்டா போட்டு வெச்சிருக்கியான்னுட்டாரு அந்த ஆளு. இப்ப ஜன்னல தொறந்தா பூசாத செவுருதான்.

உங்களுக்கு எந்தூரு? திண்டிவனமா. அப்ப இந்த ஊரு வழக்கம் தெரியாது. கார்த்திக தீபத்தன்னிக்கி மலை உச்சில ஜோதி தெரிஞ்சப்பறம்தான் நாங்க வூட்டு வெளக்க ஏத்தறது. இவரு காலையிலேந்து பச்சத் தண்ணி பல்லுல படாம இருப்பாரு. ஜோதி பாக்கணும், வெளக்கேத்தணும், அப்பறம்தான் சோறு.

எங்களுது ஓட்டு வூடு, ஏறிப் பாக்க மாடி கெடயாது. சகாதேவன் மாடி வந்த வருஷம் கீழ எந்தப் பக்கம் நின்னாலும் மலை தெரியல. உங்க மாடில ஒரு ஓரமா நின்னு பாத்துக்கறோம்னு சகாதேவன் பொண்டாட்டிய கேட்டேன். சொந்தக்காரங்க முப்பது பேரு வராங்க, எடமில்லன்னுச்சு. கஸ்தூரி வூட்டுல கேக்கலாம்னு எனக்கு அப்ப தோணவே இல்ல. இவரு அகல் வெளக்க வரிசையா வெச்சிகினு உக்காந்திருக்காரு. சர்க்கர ஒடம்பு, பசில கை வெடவெடன்னு நடுங்குது. எனக்குப் பொறுக்கல. எங்கியோ வேட்டு சத்தம் கேட்டுச்சு. ஏத்திட்டாங்க, நீங்க ஏத்துங்கன்னு சொல்லிட்டேன். அவரும் ஏத்திட்டு ரெண்டு வாயி சோறு தின்னாரு. அப்பதான் கஸ்தூரி அது மாடிலேந்து கூவுது, அண்ணா, ஏத்திட்டாங்கன்னு.

கையில இருந்த சோத்த தட்டுல வெச்சிட்டு எழுந்துட்டாரு. தை மாசம் கால்ல புண்ணு வந்து, முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்க. டாக்டரு, சர்க்கரன்னாரு. இவரு, மலைக்கி முந்தி ஏத்தனதுக்குன்னாரு. அன்னிலேந்து தீபத்துக்கு மட்டும் என் வார்த்தய நம்பறதில்ல. நானே கஸ்தூரி மாடில ஏறி என் கண்ணால பாத்துட்டு வந்து சொன்னாலும் நம்ப மாட்டாரு. கஸ்தூரி சொல்லணும்.

அது மாதிரி மனுஷி கெடைக்க மாட்டாங்க. நாங்க ஆஸ்பத்திரில கெடந்த இருவது நாளும் எங்க வாசலுக்கு கோலம் போட்டுச்சு, பூட்டன வூடு மாதிரி தெரியக்கூடாதுன்னு. வருஷா வருஷம் தன் வூட்டு வெளக்கக் கூட ஏத்தாம மொதல்ல மாடிக்குப் போயி இவருக்கு கொரலு குடுக்கும். மூலை வூடு இல்லீங்களா, அந்த மாடிக்கு மட்டும் மறைப்பு கெடயாது. அது கூப்புட்டப்பறம்தான் இவரு தீக்குச்சியே கிழிப்பாரு.

என்னாங்க? நாளைக்கே ஆளு வராங்களா? மொத்தமா இடிச்சிட்டா கட்டப்போறீங்க. மேஸ்திரிக்கு நாள் குறிச்சு குடுத்தாச்சா. இல்ல, வர்ற செவ்வாக்கெழம தீபம். நாலு நாளுதான் இருக்குது, அன்னிக்கி சாயங்காலம் மட்டும் அந்த மாடி இருந்தா... மாடிப்படியதான் மொதல்ல எடுப்பாங்களா. சரிங்க. உங்க வூடு.

வேற ஒண்ணுமில்லீங்க. கஸ்தூரி அதோட புள்ளையாண்ட பெங்களூரு போயி ஒரு வருஷம் ஆவுது, அது இவருக்குத் தெரியாது. சொல்லிட்டுப் போறேன் அண்ணின்னுதான் வந்துச்சு. நாந்தான் வேணாம்னேன். அப்ப தீபத்துக்கு பத்து நாளு இருந்துச்சு. முட்டி வலி, எங்கியும் வர முடியலியாம்னு இவருகிட்ட சொல்லி வெச்சேன். தீபத்தன்னிக்கி இந்த சாவிய எடுத்துகினு போயி நாந்தான் அந்த மாடில நின்னேன். ஜோதி தெரிஞ்சுது. கும்பிடக் கூட இல்ல. கொரல மேல ஏத்தி, அண்ணா, ஏத்திட்டாங்கன்னு கத்தனேன். முப்பத்தாறு வருஷம் குடும்பம் நடத்தன மனுஷன அண்ணான்னு கூப்புட்டேன். எறங்கி ஓடியாந்து பாத்தா வெளக்கு எரியுது. கஸ்தூரிக்கு சளி போல, கொரலு ஒரு மாதிரி இருக்குதுன்னாரு. ஆமான்னேன். முட்டி வலிக்காரி எப்டி மாடி ஏறனான்னு அவரு கேக்கல.

இந்தாங்க சாவி. பூட்டு இறுக்கம், நல்லா அழுத்தித் திருப்புங்க. நாளைக்கு இடிக்கற சத்தம் கேட்டா அவருகிட்ட என்னா சொல்றதுன்னு எனக்கு இன்னும் தோணல.

தோ, மணின்னு என்னக் கூப்புடறாரு பாருங்க. யாரு மணி, கஸ்தூரி வூட்டுலேந்தா வந்திருக்காங்கன்னு கேக்கறாரு. போறப்ப வாசப் பக்கத்து ஜன்னலாண்ட செத்த நின்னு, ஆமாங்க, சொந்தக்காரன்தான்னு சொல்லிட்டுப் போங்க. முட்டி வலி எப்டி இருக்குதுன்னு கேப்பாரு. தேவலாம்னு சொல்லுங்க.