கிழக்கு விரிகுடாவில் ஒரு மஞ்சள் படகு

கணினியில் ஒரு பொருளைத் தண்ணீரில் மிதக்கவிடுவது பலர் நினைக்கிற அளவுக்குக் கஷ்டமில்லை. வெறுமனே ஒட்டிவிட்டால் போதாது, அவ்வளவுதான். அலை ஏறும்போது அதுவும் சற்றுத் தாமதமாக ஏற வேண்டும். அடிப்பாகம் நனைந்து கறுத்திருக்க வேண்டும். முன்னால் வரும் அலை அதைக் கொஞ்சம் மறைக்க வேண்டும். பூசான் நகரத்தில் சினிமாக்களுக்கு இதைத்தான் செய்துகொண்டிருந்தேன், ஐயா.

ஜேகுன் அண்ணன் எங்கள் குழுத் தலைவர். என்னை வேலைக்குச் சேர்த்துவிட்டவரும் அவர்தான். கோஜே தீவில் துடுப்புப் படகு விடலாம் வா என்று கூப்பிட்டார். ஒருவர் மட்டும் உட்காரும் படகு, ஆளுக்கொன்று; அவருடையது மஞ்சள். மேற்குப் பாறைகளை நெருங்கும்போது சொன்னார்.

"மான்சு, அடுத்த படத்துல நீ இல்லடா. கோவிச்சுக்காத. நீ பண்ற தண்ணியப் பார்த்தா தார்ப்பாய விரிச்ச மாதிரி இருக்கு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எதையும் அப்படித்தான் சொல்வார். சற்று நேரத்தில் ஓர் அலை அவர் படகைப் பாறையில் அடித்துப் பிளந்தது. படகு மூழ்கிவிட்டது. அவருடைய கைபேசியும் போயிற்று; என்னுடையதைக் கரையிலேயே விட்டு வந்திருந்தேன். அவர் மட்டும் பாறையில் தொற்றி ஏறிக்கொண்டார்.

"டேய், சீக்கிரம் போய் ஆளக் கூட்டிட்டு வா. குளிருது."

கரைக்கு வந்ததும் சொல்லியிருக்கலாம். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கட்டும் என்று தோன்றியது. சூடாக நூடுல்ஸ் சாப்பிட்டேன். அதற்குள் மூடுபனி இறங்கிவிட்டது. இனிமேல் சொன்னால், இவ்வளவு நேரம் என்ன செய்தாய் என்று கேட்பார்கள். அதனால் கிழக்கு விரிகுடாவில் பிரிந்துவிட்டோம் என்று கடலோரக் காவல்படையிடம் சொன்னேன்.

மறுநாள் காலை அவர்களின் அதிகாரி, "கிழக்க ஒன்னுமே கிடைக்கலையே, மேற்குப் பாறைப் பக்கம் ஒரு படகு அனுப்பிப் பார்ப்போம்" என்றார். அப்போதுதான் விடுதி அறைக்குப் போய் மடிக்கணினியைத் திறந்தேன். கடலில் இறங்குமுன் விரிகுடாவைக் கைபேசியில் படமெடுத்திருந்தேன். அதில் மஞ்சள் படகைக் கவிழ்த்து மிதக்கவிட்டேன். அவசரப்படவில்லை. ஓரத்து நுரை பொருந்தும்வரை திருத்தினேன். நேற்று கரையிலிருந்து எடுத்தது என்று அதிகாரியிடம் காட்டினேன்.

"இத ஏன் நேத்தே காட்டல?"

"பதட்டத்துல மறந்துட்டேன் சார்."

மேற்கே கிளம்பவிருந்த படகும் கிழக்கே திரும்பியது. அந்தத் தண்ணீரை யாரும் சந்தேகிக்கவில்லை. அதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

இரண்டு நாள் கழித்து, சிப்பி எடுக்கப் போனவர்கள் மேற்குப் பாறையில் அண்ணனைக் கண்டபோது உடம்பு விறைத்திருந்தது. அன்றைய ராத்திரியைத் தாண்டியிருக்கிறார் என்று மருத்துவர் சொன்னார். நான் நுரையைத் திருத்திக்கொண்டிருந்தபோது உயிரோடுதான் இருந்திருக்கிறார். கிழக்கிலிருந்து நீரோட்டம் இழுத்துப் போயிருக்கும் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நானும் தலையாட்டினேன்.

இதோடு முடிந்திருக்கும். ஆனால் அவருடைய அம்மா மால்சூன் அந்தப் படத்தைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார். தினமும் பார்க்கிறார். நேற்று என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"மான்சு, படகுக்குப் பக்கத்துல ஒரு கை தெரியுதுப்பா. ஆட்டுறான். நீ பார்க்கலையா?"

"இல்லம்மா."

"நல்லாப் பாருப்பா. எம் புள்ள கூப்பிட்டிருக்கான். ஒருத்தர் கண்ணுலயும் படல."

நான் அதில் கை எதுவும் வைக்கவில்லை, ஐயா. அதை அவரிடம் சொல்ல முடியாமல்தான் இங்கே காவல் நிலையத்துக்கு வந்திருக்கிறேன். அண்ணன் கையாட்டியது மேற்கே, அந்தப் பாறையின் மேல். நான் பார்த்தேன். வந்துவிடுகிறேன் என்று நானும் கையாட்டினேன்.