பின்வரிசைக்கும் மலை தெரியும்

மலைக்கு மூன்றரை லட்சம் வாங்கினேன் ஐயா. வீட்டு விலை தனி, மலை விலை தனி. முதலில் மூன்றுதான் சொன்னேன், பேரம் பேசாமல் கொடுத்தார்கள். பேரம் பேசாமல் ஒருவன் கொடுத்தால் நாம் குறைத்துச் சொல்லிவிட்டோம் என்று அர்த்தம். கடைக்காரக் குடும்பத்தில் நடக்கப் பழகும் முன்னே இதைப் பழகிவிடுவோம். அரை லட்சம் ஏற்றினேன். ரசீதில் 'காட்சிக் கட்டணம்' என்று போட்டேன். எல்லாம் முறையாகத்தான்.

நகரம் பெருத்துப் பெருத்து அடிவாரம் வரை வந்துவிட்ட நேரம். மலையைக் கொஞ்சம் வெட்டினேன். கொஞ்சம் என்றால், இரண்டு வரிசை வீடு கொள்கிற அளவு. வெட்டிய இடத்தில் மண் சரியாமலிருக்க மூன்று ஆள் உயரத்துக்குத் தடுப்புச் சுவர். முன்வரிசை மாடி வீடுகளுக்குச் சுவருக்கு மேலே மலை ஜம்மென்று தெரிந்தது. சுவரை ஒட்டிய பின்வரிசைக்குச் சுவர் மட்டும்தான். மலையின் மடியில் உட்கார்ந்திருப்பவனுக்கு மலை தெரியாது என்றால் எவன் வாங்குவான்.

ஆகவே சுவரில் மலையை வரையச் சொன்னேன். கடைப் பலகை எழுதுகிற பெயிண்டர்தான். நீல வானம், பச்சை மலை, ஓரமாக இரண்டு மான். பின்வரிசை எட்டு வீடும் விற்றன. வரைந்த மலைக்கு ஒன்றரை லட்சம்தான் வாங்கினேன். அசலுக்கும் நகலுக்கும் ஒரே விலை போட எனக்கு மனசு வராது. ஒரு வீட்டை என் அக்கா வாங்கினாள், அத்தான் ரிட்டயரான பணத்தில். அவளுக்கு ஒரு லட்சம்.

மலையின் அடுத்த பக்கத்தையும் வெட்டத் தொடங்கினேன். அங்கே வாங்க வருகிறவர்களுக்கு மாதிரி வீடு அக்காவுடையது.

முதல் மழையில் ஒரு அசிங்கம் நடந்தது. உள்ளே ஊறும் தண்ணீர் வடிவதற்காகச் சுவர் முழுக்கத் துளை விட்டிருந்தார்கள். செம்மண் தண்ணீர் நீல வானத்தில் கோடு கோடாக இறங்கியது. அக்கா போன் பண்ணினாள்.

"ஏன்டா தம்பி, உன் மலைக்கு மூக்கு ஒழுகுது. வீடு பார்க்க வர்றவங்க சிரிக்கிறாங்க."

பெயிண்டர் ஒரு யோசனை சொன்னான். "எல்லா ஓட்டையையும் அருவியாக்கிடலாம் அண்ணே. வர்ற தண்ணி வந்துட்டுப் போகட்டும்."

"ஒரு அருவி இருந்தா ரசிப்பான். நாப்பது இருந்தா பிளம்பரைக் கூப்பிடுவான்."

துளைகளை அடைக்கச் சொன்னேன். இன்ஜினியர் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

"வெளிய வர வழியில்லன்னா தண்ணி சுவரையே தள்ளும் சார்."

"எப்போ தள்ளும்?"

"பெரிய மழை பெஞ்சா."

"பெரிய மழை எப்போ?"

தேதி சொல்ல முடியாத சரக்கை நான் வாங்குவதில்லை. அந்த அம்மா வேலையை விட்டுப் போய்விட்டார். நானே கூட நின்று சிமென்ட் வைத்து அடைக்கச் செய்தேன். மேலே வானம் பூசியதும் மலை மறுபடி லட்சணமாகிவிட்டது.

அடுத்த வருஷம் பெரிய மழை வந்தது. ஒரு வாரம் விடாமல் பெய்த பிறகு ஒருநாள் காலையில் அக்கா கூப்பிட்டாள்.

"தம்பி, சுவர் வயித்தைத் தள்ளிக்கிட்டு நிக்குதுடா. மலை நேத்தைக்கு இன்னைக்குக் கிட்ட வந்த மாதிரி இருக்கு."

"நல்ல ஓவியம்னா அப்படித்தான்க்கா தெரியும்."

"கிண்டல் பண்ணாத. நானும் அத்தானும் நாலு நாள் உன் வீட்டுக்கு வந்துடறோம். பையெல்லாம் கட்டியாச்சு. ரெண்டு பக்கத்து வீட்லயும் நான் கிளம்பினா கிளம்பறோம்னு நிக்கிறாங்க."

"மதியம் வீடு பார்க்கப் பார்ட்டி வருதுக்கா. நீ கிளம்பினா வரிசையே காலி. காலி வரிசையைக் காட்டி எதை விக்கிறது? சாயங்காலம் நானே வண்டியோட வர்றேன்."

"கண்டிப்பா வருவியா?"

"வருவேன்."

கட்டிய பையை அவிழ்த்துவிட்டு, பார்ட்டிக்காக வீட்டைப் பெருக்கியிருக்கிறாள். அவள் எப்போதும் அப்படித்தான், என் பேச்சைத் தட்டமாட்டாள்.

நீங்கள் கேட்கும் முன் நானே சொல்லிவிடுகிறேன். அவள் கூப்பிடுவதற்கு முன்பே சுவரைப் போய்ப் பார்த்துவிட்டேன். காரை விட்டு இறங்கவில்லை. மான்களுக்கு நடுவே விரிசல் விட்டிருந்தது. சாயங்காலம் வரை தாங்கும் என்று மனக்கணக்குப் போட்டேன். மதியம் பார்ட்டியை மட்டும் உள்ளே அனுப்பிவிட்டு, ரோட்டோரம் என் ஆபீசிலேயே இருந்துகொண்டேன். அவர்களுக்கு வீடு ரொம்பப் பிடித்திருந்தது. அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவர்கள் கார் திரும்பியதும் சத்தம் கேட்டது. நகலைக் கிழித்துக்கொண்டு அசலே இறங்கி வந்துவிட்டது.

அக்கா, அத்தான், இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்கள். ஏழு பேர். ஓட்டையை அடைத்தவன் நான். போகாதே என்று சொன்னவனும் நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அக்காவை நான் பணத்துக்காகக் கொன்றேன் என்று மட்டும் எழுதாதீர்கள். அவளுக்குத் தள்ளுபடி கொடுத்தவன் நான்.

இன்னும் ஒன்றே ஒன்று. பின்வரிசையில் எட்டு வீடு. மூன்று மண்ணுக்குள். மிச்சம் ஐந்து. அந்த ஐந்துக்கும் எதிரே சுவர் மட்டும்தான் விழுந்தது, இப்போது ஜன்னலைத் திறந்தால் அசல் மலை. அவர்கள் கட்டியது ஒன்றரை லட்சம், அசலுக்கு ரேட் மூன்றரை. வீட்டுக்கு இரண்டு வீதம் பத்து லட்சம் எனக்கு வரவேண்டியிருக்கிறது. துக்கம் நடந்த இடத்தில் வசூலுக்குப் போகிறவன் இல்லை நான். பாக்கி என்று மட்டும் குறித்து வையுங்கள்.