விமானத்துக்கு எடை பார்த்த அன்று

—ஜெட்டுதான் வேணும்னா முதலாளி, நீங்க பட்டாளத்துல போய்ச் சேரணும். வாடகைக்கு விடுறவன் எவனும் இன்னும் ஜெட்டு வச்சிருக்கல. நான் பேசி முடிச்சிருக்கிறது ரெண்டு விசிறி வச்ச விமானம். சின்னதுதான், ஆனா முழுசும் உங்களுக்கே.

—விசிறியோ வௌவாலோ, எத்தனை நாள்ல கொண்டு போய்ச் சேர்ப்பான்? அதைச் சொல்லுங்க முகைதீன் பாய், சட்டுபுட்டுன்னு.

—நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு நம்ம ஊரு 'பத்து பெரெண்டாம்' விமானத் திடல்ல வந்து இறங்குறான். உங்க ரெண்டு பேரையும் ஏத்திக்கிறான். பினாங்கு, ரங்கூன், கல்கத்தா, கராச்சி, பெய்ரூட், ரோம். அங்கேருந்து ஒரே ஒரு மலைதான். தாண்டினா சுவிட்சர்லாந்து. அஞ்சாம் நாள் சாயங்காலம் மக கட்டில் பக்கத்துல நிப்பீங்க, இன்ஷா அல்லா.

—கப்பல்ல போனா மூணு வாரம்.

—அதுக்குத்தானே முதலாளி விமானம்.

—டாக்டர் கடுதாசி எழுதிப் பத்து நாளாச்சு. 'பெத்தவங்க பாக்க விரும்பினா தாமதிக்க வேண்டாம்'னு எழுதியிருக்கான். அதை நான் ஒரு நூறு தடவை படிச்சிட்டேன் பாய். அஞ்சு நாள் தாங்குவாளா என் ருக்மணி?

—பன்னெண்டு வயசுப் பிள்ளை. சின்ன உசுரு கெட்டியா இருக்கும் முதலாளி. நல்லதையே நினைங்க... தங்கச்சி ஏன் நின்னுக்கிட்டே இருக்கு? உக்காரும்மா, அந்த நாற்காலியை இழுத்துப் போட்டுக்க.

—இருக்கட்டும் அண்ணே. சாய்ஞ்சு உக்கார முடியாது.

—மரியாதைக்குச் சொல்றாரு, உக்காரேன் பாக்கியம். இந்த வேகாத வெயில்ல கம்பளியை வேற போத்திக்கிட்டு! காஜா பெராங் தெரு முழுக்க உன்னையத்தான் பாக்குது.

—குளிருது.

—உனக்குக் காய்ச்சலா? நெத்தியைக் காட்டு. ஒண்ணும் இல்லையே.

—எனக்குன்னு சொன்னேனா நான்?

—பாத்தீங்களா பாய்? நேத்து மத்தியானத்துலேருந்து இப்படித்தான். கேக்கிறது ஒண்ணு, சொல்றது ஒண்ணு. கொடியில துணி காயப் போட்டுக்கிட்டு இருந்தவ, அப்படியே போட்டுட்டுப் போய்த் தலை முழுகியிருக்கா. அடுப்பு பத்த வைக்கல. இன்னைக்கு வர்ற வழியில துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையார் கோயில்ல ஒரு தேங்காய் உடைச்சிட்டு வரலாம்னு கூப்பிட்டா, வாசலோட நின்னுட்டா. உள்ள வரமாட்டேன்னுட்டா.

—தீட்டோட எப்படிங்க உள்ள வர்றது?

—அதை நாலு பேர் நடுவுல ஏன் சொல்றே? விடு.

—அட, தாய் மனசு முதலாளி. பயணம்னா ஒரு பதட்டம் இருக்கும். நாமளும் நாடு சுதந்திரம் வாங்குற மெர்டேக்காவுக்குப் பத்து நாள் இருக்குன்னு கொடியும் தோரணமும் கட்டிக்கிட்டு நிக்கிறோம், அது பாவம் எதை நினைச்சு நிக்குதோ.

—அது கிடக்கட்டும். பாய், அந்த ரெண்டாவது கடிகாரம் நின்னு போச்சா? மணி பத்தாச்சு, அது மூணரைங்குது.

—நிக்கல. அது அந்த ஊர் நேரம். ஐரோப்பாவுக்கு ஆள் அனுப்புறவன் கடையில அது இல்லாம முடியாது. நமக்கு ஆறரை மணி நேரம் பின்னால ஓடுது. இப்ப அங்க விடியக்காலம் மூணரை, உங்க மக தூங்கிக்கிட்டு இருக்கும்.

—தூங்கட்டும். நல்லாத் தூங்கட்டும்.

—தூங்கல அண்ணே.

—பாக்கியம்!

—சரி சரி. முதலாளி, இன்னைக்கு உங்க ரெண்டு பேரையும் வரச் சொன்னதே எடை பாக்கத்தான். சின்ன விமானம். ஆளு எத்தனை ராத்தல், பெட்டி எத்தனை ராத்தல்னு சரியாச் சொன்னாத்தான் எவ்வளவு எண்ணெய் ஊத்தலாம்னு ஓட்டுறவன் கணக்குப் போடுவான். போன வருஷம் ஒருத்தர் வெக்கப்பட்டுக்கிட்டு முப்பது ராத்தல் குறைச்சுச் சொல்லிட்டாரு. விமானம் மேல எழும்பாம திடல் வேலி வரைக்கும் ஓடுச்சு. பாத்துக்கிட்டு இருந்த எனக்கு வேர்த்து ஊத்திருச்சு. அதுலேருந்து யார் வாய்ச்சொல்லையும் நான் எழுதுறதில்ல. இந்தா, மிளகு மூட்டை நிறுக்கிற தராசு. ஏறுங்க.

—ஏறிட்டேன்.

—நூத்தி அம்பத்திரண்டு. ரப்பர் கித்தாத் தோட்டத்துக்கு ஆள் பிடிச்சுக் கொடுக்கிற கங்காணிக்கு இது கம்மிதான்.

—இந்தப் பத்து மாசத்துல சோறு இறங்கினாத்தானே பாய். ம், பாக்கியம், ஏறு.

—நான் வரலீங்க.

—தராசுக்கா, விமானத்துக்கா?

—ரெண்டுக்கும்.

—என்ன பேச்சு இது? அன்னைக்கு உன்னையக் கப்பல்ல ஏத்தலன்னுதானே பத்து மாசமா மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு இருக்கே? உனக்கு இங்கிலீசு தெரியாது, அங்க போய் நாலு வெள்ளைக்காரிங்க முன்னால நீ முழிப்பியேன்னு நினைச்சேன். தப்புதான். பாய் முன்னாடியே சொல்றேன், தப்பு. அதுக்குத்தான் இப்ப ஒரு விமானத்தையே பிடிச்சிருக்கேன். ஏறு.

—பிடிச்ச கையைப் பிரிச்சு விட்டீங்க.

—இப்ப எதுக்கு அது?

—அண்ணே, நீங்க கேளுங்க. சிங்கப்பூர் துறைமுகத்துல பிள்ளைக்கு நடக்க மூச்சு வாங்குதுன்னு முதுகுல தூக்கிக்கிட்டு நின்னேன். பன்னெண்டு வயசுப் பிள்ளையை உப்பு மூட்டை தூக்கிக்கிட்டு நிக்கிறியே, வெள்ளைக்காரன் சிரிப்பான்னாரு. அது என் கழுத்தைக் கட்டிக்கிட்டு இறங்க மாட்டேன்னுச்சு. ஒவ்வொரு விரலா இவரு பிரிச்சாரு. பிரிச்சு நர்ஸ்கிட்ட கொடுத்தாரு.

—நல்லதுக்குத்தானே செஞ்சேன்! குளிர்ந்த மலைக்காத்துல நெஞ்சு சரியாகும்னு அத்தனை டாக்டரும் சொன்னான். நானா ஆசைப்பட்டு அனுப்பினேன்? பாய், இவகிட்ட நீங்களே சொல்லுங்க.

—தங்கச்சி, அண்ணன் சொல்றேன். நடந்தது நடந்துபோச்சு. அங்க பிள்ளை உன்னையத்தான் தேடிக்கிட்டு இருக்கும். ஒரு நிமிஷ வேலை. ஏறி நில்லும்மா.

—உங்களுக்காக ஏறுறேன். மெதுவா, மெதுவா... இருங்க, கொஞ்சம் சரி பண்ணிக்கிறேன். ம்.

—நூத்தி அறுபத்திநாலு? இல்லையே, இறங்கு தங்கச்சி. மறுபடி ஏறு. நூத்தி அறுபத்திநாலுதான் காட்டுது.

—என் எடையை விட ஜாஸ்தியா? குச்சி மாதிரி இருக்கா. தராசு பழசு பாய்.

—தராசைச் சொல்லாதீங்க முதலாளி, காலையிலதான் அம்பது ராத்தல் கல்லு வச்சுச் சரி பாத்தேன். இந்தா, திங்கக்கிழமை அம்மை ஊசி போட்ட டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு. பாக்கியலட்சுமி, வயசு முப்பத்தி நாலு, எடை தொண்ணூத்தி ஆறு ராத்தல். ரெண்டு நாள்ல இவ்வளவு எப்படி ஏறும்? கம்பளியை எடுத்துப் பாப்போமா?

—கம்பளியை எடுக்காதீங்க அண்ணே.

—ஒரு நிமிஷம்தான்மா.

—சீக்கிரம் கொடுத்துடணும். நடுங்குது.

—கம்பளி நாலு ராத்தல். இப்ப நூத்தி அறுபது. வளையல், சங்கிலி எல்லாம் சேத்தாலும் அரை ராத்தல் வராது. முதலாளி, நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வேட்டி தட்டுல படுதான்னு...

—நான் ரெண்டு முழம் தள்ளித்தான் நிக்கிறேன்.

—முள்ளு ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குதே. கொஞ்சம் ஏறுது, கொஞ்சம் இறங்குது. மூட்டை வச்சா இப்படி ஆடாது. மூச்சை அடக்கும்மா தங்கச்சி.

—அடக்கிக்கிட்டுத்தான் இருக்கேன் அண்ணே. இது என் மூச்சு இல்ல.

—முதலாளி, இருமினீங்களா?

—நான் இருமல. நீங்கதான்னு நினைச்சேன்.

—நான் இல்ல. தங்கச்சியும் வாயைத் திறக்கல.

—வாசல்ல யாராவது போயிருப்பாங்க.

—வாசல் இந்தப் பக்கம் முதலாளி. சத்தம் அவங்க தோள்கிட்ட வந்துச்சு.

—பாய், நீங்க வேற பயமுறுத்தாதீங்க. பாக்கியம், இறங்கு. ஏன் இப்படி முன்னால வளைஞ்சு நிக்கிறே? ரெண்டு கையையும் எதுக்குப் பின்னால கோத்து வச்சிருக்கே? கையை முன்னால கொண்டு வா.

—விட்டா விழுந்துடும்.

—எது?

—கம்பளியைக் கொடுங்க.

—கொடுத்துடுங்க முதலாளி. நான் டாக்டர் சீட்டுல இருக்கிற தொண்ணூத்தி ஆறையே எழுதிக்கிறேன். போறது ரெண்டு ஆள். திரும்பி வர்றப்போ மூணு. மக எடை கடுதாசியில இருக்கா?

—எழுபத்தொண்ணு ராத்தல்னு போட்டிருக்கான். போறப்போ எண்பத்தஞ்சு இருந்தா. எழுதிக்குங்க, திரும்பி வர்றப்போ மூணு. கண்டிப்பா மூணு.

—இன்ஷா அல்லா. இருங்க, போன் அடிக்குது, சிங்கப்பூர் விமானக் கம்பெனியாத்தான் இருக்கும். ஹலோ... ஆமா, முகைதீன்தான். சொல்லு நடராஜா, எடை கேட்டுத்தானே கூப்பிட்டே? எழுதிக்க, ஆம்பளை நூத்தி அம்பத்திரண்டு... ஏன், எழுத வேண்டாமா?... ஆமா, ஆஸ்பத்திரிக்குத் தந்தி அடிச்சுத் திடலுக்கு வண்டி அனுப்பச் சொல்லுன்னேன். பதில் வந்துருச்சா?... என்ன? மறுபடி சொல்லு... இன்னா லில்லாஹி...

—பாய்.

—எப்போ நடராஜா?... நேத்தா? எத்தனை மணிக்கு?... விடியக்காலம் அஞ்சரை. அந்த ஊர் அஞ்சரையா?... சரி.

—பாய், அது நீங்க சாவுச் செய்திக்குச் சொல்ற வார்த்தையாச்சே. யாரு? யாருக்கு பாய்?

—இரு நடராஜா, போனை வச்சிடாதே... விமானத்தை நிறுத்த வேண்டாம். அவரு இங்கதான் நிக்கிறாரு, நான் சொல்லிக்கிறேன்... திரும்பி வர்றப்போ மூணாவது சீட்டு... ஆமா, சீட்டு வேண்டாம்தான். பெட்டி. எடை எழுபத்தொண்ணுன்னு போட்டுக்க... இல்லையா? ஆஸ்பத்திரியிலயே எடை போட்டுத் தந்தியில சொல்லிட்டானா?... பெட்டி இல்லாம எவ்வளவு?... எவ்வளவு?... இன்னொரு தடவை சொல்லு... சரி. நான் அப்புறமாக் கூப்பிடுறேன்.

—சொல்லுங்க பாய். வாயைத் திறந்து சொல்லுங்க.

—முதலாளி, உக்காருங்க முதல்ல. மக... மக இல்ல முதலாளி. நேத்தே போயிருச்சு.

—ஐயோ! ஐயோ ருக்மணி! என் தங்கமே! நாளைக்கு வர்றேன்மா, விமானமே பிடிச்சிட்டேன்மா! ஒரு அஞ்சு நாள் பொறுக்கக் கூடாதா? பாக்கியம், கேட்டியா? நம்ம பிள்ளை போயிருச்சு பாக்கியம்! ஏன் இப்படி நிக்கிறே? அழு! அழுதுடு!

—நேத்தே அழுதுட்டேன்.

—என்ன?

—அங்க அஞ்சரைன்னா நமக்கு மத்தியானம் பன்னெண்டு மணி. இல்லீங்களா அண்ணே?

—ஆமா தங்கச்சி. பன்னெண்டு.

—அப்பத்தான் துணி காயப் போட்டுக்கிட்டு இருந்தேன். பின்னால வந்து கழுத்தைக் கட்டிக்கிச்சு. கையெல்லாம் ஐஸ் கட்டி. 'அம்மா தூக்கிக்கோ'ன்னுச்சு. தூக்கிக்கிட்டேன். அப்புறம்தான் தலை முழுகினேன். வேற எதுக்கு முழுகுவேன்?

—பாய், இவ என்னமோ சொல்றா. எனக்குப் பயமா இருக்கு பாய். இவளுக்கு மூளை கலங்கிப் போச்சு, ஒரு டாக்டரைக் கூப்பிடுங்க.

—முதலாளி.

—கூப்பிடுங்க பாய்!

—முதலாளி, நடராஜன் ரெண்டு தடவை சொன்னான். ஆஸ்பத்திரிக்காரன் நிறுத்தது அறுபத்தி நாலு ராத்தல்.

—அதுக்கென்ன இப்ப?

—தராசு காட்டினது நூத்தி அறுபது. தங்கச்சி எடை தொண்ணூத்தி ஆறு. நீங்களே கழிச்சுப் பாருங்க.

—அறுபத்தி... இல்ல. இல்ல பாய். அப்படி எப்படி...

—அந்தக் கம்பளியைக் கொஞ்சம் தூக்கிப் போத்தி விடுங்க அண்ணே. கால் வெளிய தெரியுது.

—பாக்கியம். பாக்கியம், என்கிட்ட கொடு. ஒரு தடவை நான் தூக்கிக்கிறேன். ருக்மணி, அப்பாகிட்ட வாம்மா. அப்பா இனிமே உன்னைய எங்கயும் அனுப்ப மாட்டேன்மா. பாக்கியம், உன் கால்ல விழுறேன், கொடு.

—நானும் சொல்லிப் பாத்தேங்க. நேத்து ராத்திரி நீங்க அந்தக் கடுதாசியை மடியில வச்சுக்கிட்டு விசும்பினப்போ, 'பாவம்டி அப்பா, ஒரு தடவை போ'ன்னு கெஞ்சினேன்.

—என்ன சொன்னா?

—விரலை இறுக்கிக்கிட்டா.

—தங்கச்சி, இப்ப... இப்ப நான் என்னம்மா எழுதுறது? நாளைக்குக் காலையில விமானம் வந்துரும்.

—போறது ஒரு ஆளுன்னு எழுதிக்குங்க அண்ணே. இவரு மட்டும் போய் அங்க கிடக்கிறதை எடுத்துட்டு வரட்டும். நாங்க ரெண்டு பேரும் வீட்டுக்குப் போறோம்.