குழலி துப்பாக்கிக்கு ஒத்துக்கின தோட்டா

ஐய, திருட்டு கேசு இல்ல ஏட்டையா. எம்பொண்ணு துப்பாக்கி தோட்டாவ கோச்சு மாத்திட்டான். எய்துறதுக்கு முன்னாடி முய்சா கேளு.

துப்பாக்கின்னதும் ஏன் மொறைக்கிற? ரவுடிங்க துப்பாக்கி இல்லப்பா, போட்டியில வட்டம் போட்ட அட்டைய சுடுறது. லைசென்ஸு எல்லாம் கிளப்பு பேர்ல கீது. எம்பொண்ணு கார்குழலி என்சிசியில போயி அப்டியே புடிச்சிக்கினா. நான் காசிமேட்டுல மீன் விக்கிறவ, எனக்கின்னா தெரியும்? அவ சொல்லித்தான் தெரியும். ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஏதோ ஒரு லாட்டு, அதான் ஒரே தபா சேத்து செஞ்ச தோட்டாதான் ஒத்துக்குமாம். ஒரே கம்பெனியா இருந்தாலும் லாட்டு மாறுனா குண்டு எங்கியோ பூடும். அதுக்குத்தான் துப்பாக்கிய ஸ்டாண்டுல இறுக்கி, லாட்டு லாட்டா சுட்டுப் பாப்பாங்க. எதுல எல்லாம் ஒரே ஓட்டையில வியுதோ, அத்த போட்டிக்குன்னு எட்த்து வெச்சிக்கணும். குழலிக்கு அப்டி ஒண்ணு சிக்கிச்சு. சாமி பிரசாதம் கணக்கா தொட மாட்டா. கோச்சு ராமசுப்பு அலமாரியில குட்த்து வெச்சா பாரு, அதான் தப்பு. இன்னா பண்றது, அங்க எல்லாரும் அப்டித்தான், தோட்டாவ வூட்டுக்கு எட்த்தார முடியாதே.

அந்தாளு அண்ணன் பொண்ணு பவானி. அவ துப்பாக்கிக்கும் அதே லாட்டுதான் ஒத்துக்கினுது. மிச்சம் கொஞ்சந்தான் கீது. பேமானி, இவ தோட்டாவ அவளுக்குக் குட்த்துட்டு, இவ பொட்டியில வேற லாட்ட ரொப்பி வெச்சிட்டான். பாத்தா எல்லாம் ஒண்ணுதான்.

செலக்சன்ல குண்டு செதறிச்சு. குழலி எங்கைதான் ஆடுதுன்னு அயுவுறா. அவன் பக்கத்துல நின்னுகினு, ஆமாம்மா, உன் வெரலு சரியில்லன்றான். தெரிஞ்சிக்கினே சொல்றான் ஏட்டையா! மறுநாளு தண்ணி லாரி வந்துச்சுன்னு கொடத்தோட வெளிய போனேன். சத்தம் கேட்டு ஓடியாந்தா, விசை அமுக்குற வெரல அம்மி மேல வெச்சி, கொயவியால அட்ச்சிக்கினு கீறா. நான் கைய புடிச்சும் வுடல. எலும்பும் சதையும் கூழாப் பூட்ச்சு.

பவானிதான் ஆஸ்பத்திரிக்கு வந்து, இவ கால்ல வியுந்து எல்லாத்தியும் சொல்லிட்டா. நல்ல பொண்ணு, அத்த இதுல இயுக்காத.

கம்ப்ளெயின்ட்டா? இரு, முட்ச்சிடறேன். இன்னிக்குக் காலைல அவனே ஆப்பிள் வாங்கினு வூட்டுக்கு வந்தான். நான் வவ்வா மீன் அரிஞ்சிக்கினு கீறேன். வுடும்மா, அடுத்த வருசம் பாத்துக்கலாம்னு என் தோள தட்டறான். முடிய புட்ச்சி கீய இயுத்துப் போட்டேன். நெஞ்சு மேல ஏறிக் குந்திக்கினு, கைய முட்டியால அமுக்கிக்கினேன். கத்துனான், கட்ச்சான், தோ பாரு, பல்லு பதிஞ்சிக்கீது.

சாவலப்பா! தெருக்காரங்க ஆட்டோல ஏத்தினு போனாங்க. நீ இந்த டப்பாவ புடி. தொறக்காத, ஐஸு கரைஞ்சிடும். சீக்கிரம் ஆஸ்பத்திரிக்கு ஆளனுப்பு. எம்பொண்ணு வெரலு நசுங்கினதால தெக்க முடியாதுன்ட்டாங்க. இது அருவாமணையில ஒரே வெட்டு. ஒட்டிக்கும்.